தாள் திரும்பும் இடம்

இடது கையை மடக்கித் தோளருகே வைத்திருக்கிறார் சித்தி, இல்லாத வயலினைத் தாங்குவதுபோல. வலது கை காற்றில் வில்லை இழுக்கிறது, நிற்கிறது, எதிரே இருக்கும் தாளைப் புரட்டுகிறது, மறுபடி வில்லுக்கு வருகிறது. "ஒண்ணு, ரெண்டு" என்று உதடு மட்டும் அசைகிறது. எதிரே இருப்பது புதிதாக வாங்கிய சலவை இயந்திரத்தின் கையேடு.

"இவளோட ஓட்டலுக்குப் போனா வம்பு" என்பார் சித்தப்பா. "மெனுவை நாலு தடவை புரட்டுவா. ரொம்ப யோசிக்கிறோம்னு சர்வர் பாவம் நின்னுட்டே இருப்பார். இவ இன்னும் படிக்கவே ஆரம்பிச்சிருக்க மாட்டா."

சித்தி ஒரு பெரிய இசைக்குழுவின் பிரதியாளர். இசையமைப்பாளர் தரும் தடித்த புத்தகத்தில் எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். குழல்காரருக்குக் குழலின் வரி, முரசுக்காரருக்கு முரசின் வரி என்று பிரித்து, ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி செய்வது அவர் வேலை. கணினியே பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் பக்கம் எங்கே முடிய வேண்டும் என்று அதற்குத் தெரியாது. இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்கும்போது தாளை யார் திருப்புவது? அதனால் வாசிப்பவருக்கு ஓய்வு வரும் இடமாகப் பார்த்துப் பக்கத்தை முடிப்பார் சித்தி.

"வாசிக்கிறவங்களுக்கு ரெண்டு கைதான். மூணாவது கை நான்."

அரங்கின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை அவருடையது. கொண்டையில் மூன்று பென்சில்களைச் செருகிக்கொண்டு நாலாவதைத் தேடுவார். யாராவது பேனாவோடு வந்தால் வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுவார். புதுக் காகிதம் வந்தால் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். சலசலத்தால், "இது வாயாடி. வேண்டாம்" என்று திருப்பி அனுப்புவார். நிகழ்ச்சிகளை அவர் உட்கார்ந்து கேட்டதே கிடையாது. மேடையோரத் திரைக்குப் பின்னால், உபரிப் பிரதிகளை அணைத்தபடி நிற்பார். எப்படி இருந்தது என்று கேட்டால், "ரெண்டாவது குழல், ரெண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிட்டார்" என்பார். அவ்வளவுதான் விமர்சனம்.

போன மாதம் ஒரு புதுப் படைப்பு வந்தது. எழுதியவர் முப்பது வயதாகாத ஒரு பெண். முழு இசைக்குழுவுக்கு அவர் எழுதிய முதல் படைப்பு அது. கதை கிரேக்கப் புராணத்திலிருந்து. ஆர்ஃபியஸ் என்ற பாடகன், பாம்பு கடித்து இறந்துபோன மனைவியை மீட்கப் பாதாளத்துக்குப் போகிறான். அவன் பாட்டில் மனம் இளகிய பாதாளத்து அரசன் அவளை அவன் பின்னால் அனுப்பிவைக்கிறான். ஆனால் வெளியே போய்ச் சேரும்வரை அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. கடைசி அடியில் பார்த்துவிடுகிறான். அவள் போய்விடுகிறாள்.

இசையில் அவன் காலடிகளை டபுள் பாஸ் என்ற ஆளுயர வாத்தியம் வாசிக்கும். பின்னால் வரும் அவளுடைய காலடிகள் வயலின்களில் மெல்லக் கேட்கும். அவன் திரும்பும் கணத்தில் எல்லா வாத்தியங்களும் நிற்கும். ஏழு விநாடி மௌனம். அதன் பிறகு டபுள் பாஸ் மட்டும், தனியாக, நடந்துபோகும்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் காலை ஒத்திகை. வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள் என்பதால் நானும் கடைசி வரிசையில் இருந்தேன். அவன் திரும்பினான். மௌனம் வந்தது. வந்த உடனே நாற்பத்தொரு பிரதிகளும் ஒன்றாகப் புரண்டன, சருகுக் குவியலில் மாடு இறங்கியதுபோல.

"பாதாளத்துல காலைப் பேப்பர் வந்திருச்சு போல" என்றார் டிராம்போன் ஊதுபவர். எல்லோரும் சிரித்தார்கள். இசையமைப்பாளர் மட்டும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு விநாடி எப்படியும் நீளம்தான்மா" என்றார் குழுவை நடத்துபவர். "வெட்டிட்டு நேரா மேல போயிடலாமே?"

"சரி சார்" என்றார் அந்தப் பெண்.

திரைக்குப் பின்னாலிருந்து சித்தி வெளியே வந்தார். பத்தொன்பது வருடத்தில் ஒத்திகையில் அவர் வாய் திறந்ததில்லையாம்.

"வெட்டாதீங்க சார். மௌனம் சரியா இருக்கு. தப்பு என்னுது."

"உங்க பிரதியிலயா?"

"தனித்தனியாப் பார்த்தா ஒண்ணுலயும் தப்பில்ல. ஓய்வு எங்கே வருதோ அங்கே பக்கத்தை முடிச்சேன். எல்லாருக்கும் ஒரே இடத்துல ஓய்வு வருதுன்னு யோசிக்கல. நாளைக்கு வேற பிரதி தரேன். அப்பவும் சத்தம் கேட்டா வெட்டிக்குங்க."

மதியம் கீழறையில் நாற்பத்தொரு பிரதிகளும் தரையில் பரந்து கிடந்தன. இசையமைப்பாளர் கதவருகே வந்து தயங்கினார்.

"விட்டுடுங்கக்கா. எனக்காகக் கஷ்டப்படாதீங்க."

"உனக்காக யார் கஷ்டப்படறா? அவன் பொண்டாட்டி போனது அந்த ஏழு விநாடியிலதானே? அதை வெட்டிட்டா அவ எப்பப் போனான்னே யாருக்கும் தெரியாது. நிக்காதே, அந்த டேப்பை எடு."

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். மௌனத்துக்கு முன்னால் முரசுகள் முழங்கும் இடத்தில் சிலருக்கு, அதற்கும் முன்னால் சிலருக்கு, மௌனம் கழிந்து வெகுநேரம் சென்று சிலருக்கு என்று திருப்பும் இடங்களை மாற்றினார்கள். டபுள் பாஸ்காரருக்குத்தான் இடமே கிடைக்கவில்லை. மௌனம் வரை நடப்பவரும் அவர், பின்பு நடப்பவரும் அவர். அவர் பிரதியின் ஓரத்தில் மூன்றாவது தாள் ஒன்றைக் கதவுபோலத் திறக்கும்படி ஒட்டினார் சித்தி. முன்கூட்டியே விரித்து வைத்துவிட்டால் திருப்பவே வேண்டாம்.

மறுநாள் காலை ஒத்திகையில், "என் பிரதிக்கு மட்டும் றெக்கை முளைச்சிருக்கே?" என்றார் டபுள் பாஸ்காரர்.

"பறக்காம வாசிங்க" என்றார் சித்தி.

மௌனம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. சரக். கொம்பு வாசிப்பவர், நேற்றைய பழக்கத்தில், தேவையில்லாமல் ஒரு தாளைத் திருப்பியிருந்தார். நடத்துபவர் சித்தியைப் பார்த்தார், இசையமைப்பாளரைப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும். சாயங்காலம் பார்ப்போம்" என்றார்.

சித்தி போய்க் கொம்புக்காரரின் பிரதியில் பென்சிலால் பெரிதாக எழுதினார்: 'கையை மடியில் வை.'

மாலையில் திரைக்குப் பின்னால் போகவிருந்த சித்தியின் கையைப் பிடித்து இழுத்துவந்து, தன் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தார் இசையமைப்பாளர். சித்தியின் மறுபக்கம் சித்தப்பா, அவருக்கு அடுத்து நான். சித்தப்பா நிகழ்ச்சிக் கையேட்டைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

காலடிகள் தொடங்கின. முரசு முழங்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாள்கள் புரண்டன. பார்க்கத்தான் முடிந்தது, கேட்கவில்லை. வயலின்களின் காலடி மேலும் மெலிந்து, கிட்டே வந்தது.

அவன் திரும்பினான்.

எல்லாம் நின்றது. கொம்புக்காரரின் இரண்டு கையும் மடியில் இருந்தன. படைப்பு முடிந்துவிட்டது என்று நினைத்த சித்தப்பா, அடுத்தது என்ன என்று பார்க்கக் கையேட்டின் பக்கத்தைப் பிடித்தார்.

சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. கண் மேடையில் இருக்க, இடது கை மட்டும் நீண்டு வந்து, கையேட்டின்மேல் பதிந்து, சித்தப்பாவின் விரலையும் சேர்த்து அழுத்திக்கொண்டது. டபுள் பாஸ் தனியாக நடக்கத் தொடங்கிய பிறகும் சித்தி கையை எடுக்கவில்லை.