சொல்தாவைக் கடித்த கதை

எங்கள் குடும்பத்தில் காதுகுத்தோ கல்யாணமோ நடந்து, பந்தி முடிந்து, எல்லாரும் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால் யாராவது ஒருவர் நான் சொல்தாவைக் கடித்த கதையை எடுத்துவிடுவார். நானும் கூட உட்கார்ந்து சிரிப்பேன். கதையின் ஒரு பகுதி எனக்கே போன மாதம்தான் புரிந்தது.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பி வந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். எங்கள் சொல்தாவுக்குத் தலை நரைத்திருந்ததே தவிர முதுகு வளையவில்லை. என் மாமாவுக்கு இந்த உலகத்தில் பிடிக்காத ஒரே மனிதர் அவர்தான். பிடிக்காது பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரோடுதான் பெத்தாங் விளையாடப் போவார்.

பெத்தாங் பெரிய வித்தை ஒன்றுமில்லை. சின்ன மரக்குண்டு ஒன்றை எறிந்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரி இரும்புக் குண்டுகளை வீச வேண்டும். யாருடைய குண்டு கிட்டே நிற்கிறதோ அவர் கட்சிக்குப் புள்ளி. விளையாட்டு அவ்வளவுதான், மீதி நேரமெல்லாம் சண்டை. சொல்தா பிரான்சிலிருந்து கொண்டுவந்த டேப்பால் அளப்பார். மாமா கை விரலை விரித்து ஜாண் போட்டு அளப்பார். இரண்டு அளவும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா துபாயில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது, காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவது, அம்மா அடிக்க வந்தால் குறுக்கே நிற்பது எல்லாம் அம்மாவின் தம்பியான இந்த மாமாதான். அவருக்கு ஒன்று என்றால் எனக்கு யாருமில்லை என்று அந்த வயதில் நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமி என்னைக் கூட்டிக்கொண்டு வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கிவிட்டு, மாமாவை வீட்டுக்கு இழுத்துப்போகலாம் என்று மைதானத்துக்கு வந்தாள். அங்கே வழக்கம்போல டேப்புக்கும் ஜாணுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"உசுரே போனாலும் ஒத்துக்க மாட்டேன். என் குண்டுதான் கிட்ட இருக்குது" என்றார் மாமா.

"டேப்பு பொய் சொல்லாது தம்பி" என்றார் சொல்தா.

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. நின்ற இடத்திலேயே முழங்கால் மடங்கிச் சரிந்தார். கையும் காலும் ஒருமுறை வெட்டி இழுத்து அடங்கின.

கூட்டத்துக்குப் புத்தி எப்படி வேலை செய்யும் என்பதை அன்று பார்த்தேன். வலிப்பு, கையில் இரும்பு கொடுங்கள் என்றார் ஒருவர். கைலியோடு விளையாட வந்தவர்களிடம் சாவிக்கொத்து ஏது? மாமி மீன் பையைக் கீழே போட்டுவிட்டு, மரக்குண்டுக்குப் பக்கத்தில் கிடந்த பெத்தாங் குண்டு ஒன்றை எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். இன்னொருவர் சோடா வாங்க ஓடினார். அப்போது மாமாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

"மூச்சு இருக்குப்பா. கொறட்ட வுடுறாரு பாரு" என்றார் பக்கத்திலிருந்தவர்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. மாமாவின் குறட்டை தெருவுக்கே தெரிந்த சமாசாரம்.

சொல்தா மட்டும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாமாவின் தோளைத் தட்டிக் கூப்பிட்டார். வாய்க்கிட்டே காதை வைத்துப் பார்த்தார். "இது மூச்சு இல்ல. நூத்தியெட்டுக்கு அடிங்க, சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு, மாமாவின் கையிலிருந்த குண்டைப் பிடுங்கி எறிந்தார். பக்கத்தில் மண்டியிட்டு, நெஞ்சு நடுவில் ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து அமுக்க ஆரம்பித்தார்.

அமுக்கினார் என்று இப்போது எழுதுகிறேன். அன்று நான் பார்த்தது வேறு. சற்று முன்புவரை மாமாவோடு சண்டை போட்ட ஆள், மாமா கீழே விழுந்ததும் மேலே பாய்ந்து நெஞ்சைக் குத்துகிறார். மாமாவின் உடம்பு தரையில் குதிக்கிறது. உள்ளே ஏதோ கடக்கென்று முறிகிற சத்தம்கூடக் கேட்டது. மாமி அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். எனக்குக் காலர் எட்டவில்லை. எட்டியது முழங்கைக்குக் கீழே இருந்த சதைதான். பாய்ந்து கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது.

அவர் என்னை உதறவில்லை. கத்தவில்லை. கடித்த கையோடு சேர்ந்து என் தலையும் மேலும் கீழும் போய் வந்ததே தவிர அமுக்குவது நிற்கவில்லை. நிறுத்தாமலே, மூச்சு வாங்கிக்கொண்டே மாமியிடம் சொன்னார்:

"தங்கச்சி, அவன் நெஞ்சு நின்னு போச்சு. நான் வுட்டா போயிடுவான்."

மாமி காலரை விட்டாள். என்னை இடுப்போடு பிடித்துப் பிய்த்து எடுத்தாள். எதிர்ப்பக்கம் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குக் காட்டுங்கண்ணே. நீங்க அசந்துட்டா நான் அமுக்கறேன்."

அப்படித்தான் இருவரும் மாற்றி மாற்றி அமுக்கினார்கள். கட்டிய கணவனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத மாமி, ஊர் பார்க்க அவர் நெஞ்சில் கை வைத்து, "இன்னும் ஆழமா, இன்னும் வேகமா" என்று சொல்தா சொல்லச் சொல்ல, அழுதுகொண்டே அமுக்கினாள். நானும் அழுதேன். எங்கள் மீனைக் காக்காய்கள் பார்த்துக்கொண்டன. சோடா வந்தது, யாரும் சீண்டவில்லை. ஆம்புலன்ஸ் வந்து, மாமாவின் நெஞ்சில் எதையோ ஒட்டி, எல்லாரையும் விலகச் சொல்லி, ஒருமுறை கரண்ட் கொடுத்தார்கள். திரும்ப அமுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மாமாவின் விரல் அசைந்தது.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமா நன்றாகக் கண் விழித்துப் பேசிய முதல் பேச்சு, "யார் குண்டு கிட்ட இருந்துச்சு?" என்பதுதான். வலிப்பென்று நினைத்து மாமி அவர் கையில் வைத்தது சண்டைக்குரிய அந்தக் குண்டையேதான். சாட்சி அழிந்துவிட்டது. செத்துப் பிழைத்ததைக்கூட மாமா மறந்தார், அந்தப் புள்ளியை இன்றுவரை மறக்கவில்லை. சொல்தா இரண்டு விலா எலும்பை ஒடித்ததற்காகப் பல மாதம் இருமும்போதெல்லாம் மாமா அவரைத் திட்டினார். "எலும்பு ஒட்டிக்கும். உசுரு ஒட்டுமா?" என்பார் சொல்தா. அவர் கையிலும் கட்டு இருந்தது. மனுஷக் கடிக்கும் ஊசி போட வேண்டுமாம்.

அம்மா என்னை அவர் முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். எனக்குக் கேட்கத் தோன்றியது வேறு.

"நான் கடிச்சப்ப ஏன் என்னத் தள்ளி வுடல?"

சொல்தா சிரித்தார். "எந்தக் கையால?"

இரண்டு கையும் அவருக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று பார்த்தேன். ராணுவத்துக்காரருக்குத் தோல் தடிப்பு, வலித்திருக்காது, அதை ஒப்புக்கொள்ளாமல் ஏதோ சொல்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் முதலுதவி சொல்லிக்கொடுக்க வந்தார்கள். தரையில் ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தி, திடீரென்று இதயம் நின்றுபோனால் என்ன செய்வது என்று காட்டி, என்னையும் அமுக்கச் சொன்னார்கள். கையை எடுத்தால் மூளைக்குப் போகிற ரத்தம் நின்றுவிடும், வேறொருவர் மாற்றும்வரை எடுக்கவே கூடாது என்றார் பயிற்சியாளர். நான் மண்டி போட்டு, கைமேல் கை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கொசு வந்து, சரியாக நான் சொல்தாவைக் கடித்த அதே இடத்தில், என் கையில் உட்கார்ந்து நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தது.

அடிக்கத்தான் நினைத்தேன். எந்தக் கையால்?