மூன்றாவது தீமிதி

2010 நவம்பர், சனிக்கிழமை. நகோயாவிலிருந்து விரைவு ரயில் காலை 8.43க்கு என்று போட்டிருந்தது, 8.43க்கே கிளம்பியது. சிகந்தராபாத் லாலாகுடா ரயில்வே பணிமனையின் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறவனுக்கு இதைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே கிஸோ ஆறு, அதன் மேல் பனி, இலையெல்லாம் உதிர்ந்தபின் தக்காளி போன்ற பழங்களை மட்டும் தாங்கி நிற்கும் மரங்கள். என் மகள் சுதா ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தாள். நான் என் மனைவி வசந்தாவின் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இருக்கைக்கு அடியிலிருந்து சூடான காற்று வந்துகொண்டிருந்தது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசந்தாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை. நான்கு ஆண்டுகளுக்கு முன் இடது காலின் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது இரண்டு உள்ளங்கால்களிலும் உணர்ச்சி இல்லை. ஆணி ஏறினாலும் வெந்நீர் பட்டாலும் தெரியாது. அதனால் மல்காஜ்கிரி வீட்டில் சாப்பாடு முடிந்ததும் டார்ச்சையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு அவள் பாதங்களைப் பார்ப்பது என் வேலை. அந்த டார்ச்சும் கண்ணாடியும் எங்களோடு ஷம்ஷாபாதில் விமானம் ஏறின. அவளுக்கென்று தைத்த கருப்பு ரப்பர் செருப்பும் இரண்டு ஜோடி ஏறியது.

"டாடி, கைக்கு இவ்ளோ டென்ஷன்? அது வெறும் ஹீட்டர்," என்றாள் சுதா. ஹைடெக் சிட்டி நிறுவனம் ஒன்று அவளை ஒன்றரை ஆண்டுக்கு நகோயாவுக்கு அனுப்பியிருக்கிறது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் சிகந்தராபாத் பக்கம். எங்கள் தமிழுக்கு எந்த மொழியில் பதில் வரும் என்று சொல்ல முடியாது; 'கைக்கு' என்றால் ஹைதராபாத் உருதுவில் 'எதுக்கு'.

மினோ-ஓத்தாவில் இறங்கி, ஒற்றைப் பெட்டி ரயில் ஒன்றில் மாறினோம். நகரா ஆற்றை ஒட்டியே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ஆளுக்கு 1,320 யென், நம் பணத்தில் எழுநூற்றுச் சொச்சம். ஒரு பாலத்தின் மேல் ஓட்டுநர் வண்டியை நடைவேகத்துக்குக் குறைத்து, வெள்ளைக் கையுறை போட்ட கையால் ஆற்றைக் காட்டி ஏதோ சொன்னார்.

"போட்டோ எடுத்துக்கங்கன்னு சொல்றார்," என்றாள் சுதா.

"அதுக்காகவா ரயிலை மெதுவா விடுறாரு?" என்றாள் வசந்தா. "உங்க ஆபீசுல இவரை ஒரு நாள்கூட வச்சிருக்க மாட்டாங்க."

மதியத்துக்கு முன் கூஜோ ஹச்சிமான். குன்றின் மேல் ஒரு வெள்ளைக் கோட்டை, கீழே மரவீடுகள், ஒவ்வொரு தெருவின் ஓரமும் தெளிந்த வாய்க்கால், அதில் கொழுத்த மீன்கள். வாய்க்கால் ஓரத்துக் கல் வழுக்கும் என்பதால் நான் மீன்களைச் சரியாகப் பார்க்கவில்லை. இந்த ஊரில் உணவகக் கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கும் மாதிரிப் பலகாரங்களைச் செய்கிறார்கள். ஒரு கடையில் வசந்தா கத்தரிக்காய் பஜ்ஜி ஒன்றைக் கையில் எடுத்து, "இந்த நாட்டுல மீன் சேராம நான் பாத்த ஒரே சாப்பாடு இதுதான்," என்றாள். அது மெழுகு. விலை 900 யென்.

தங்கியது ஒரு குடும்பத்தார் நடத்தும் விடுதியில். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்துத் தலைக்கு 7,500 யென். உரிமையாளர் பெயர் மோரி. ஐம்பது வயது இருக்கும். சமையல், வண்டி ஓட்டுவது எல்லாம் அவரே. அறையின் நடுவே ஒரு தாழ்வான மேசை, மேசையைச் சுற்றி மெத்தைபோல் கனத்த போர்வை, மேசைக்கு அடியில் மின்சார அடுப்பு. போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வசந்தா நீட்டினாள். நான் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் தூக்கிப் பார்த்தேன். நான்காவது முறை மோரி உள்ளே போய் ஒரு பெரிய டார்ச் விளக்கோடு வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார்.

"என்ன தொலைச்சீங்கன்னு கேக்குறார்," என்றாள் சுதா. சிரிப்பில் அவளால் மேலே பேச முடியவில்லை.

"என் நிம்மதியைன்னு சொல்லு."

அவள் உண்மையைத்தான் சொல்லியிருப்பாள் போல. மோரி அடுப்பின் சூட்டைக் குறைத்துவிட்டுப் போனார்.

மாலை ஐந்தரை மணிக்குக் கூடத்துச் சுவரின் முன்னால் வசந்தா அசையாமல் நிற்பதைக் கண்டேன். அங்கே ஒரு சுவரொட்டி. வெள்ளை உடைத் துறவிகள், பின்னால் புகை. முன்னால் வசந்தாவின் வயதில் ஒரு பெண், கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, கைகூப்பிக்கொண்டு நெருப்பின் மேல் நடக்கிறாள்.

"என்னங்க, இது தீமிதி."

"இது ஜப்பான்."

"ஏன், ஜப்பான்ல தீ சுடாதா?"

மோரியைக் கேட்டோம். இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு மலைக்கோயில். மறுநாள் பகலில் அங்கே தீ வளர்ப்பார்கள். துறவிகள் நடந்தபின் பொதுமக்களும் நடக்கலாம். எல்லோரும் பார்க்க வருகிற விழாதான், நானே கூட்டிப்போகிறேன் என்றார்.

இதில் எங்களுக்குள் ஒரு பழைய கதை உண்டு. சுதா பத்தாம் வகுப்பில் இருந்தபோது டெங்கு வந்து, இனி ஒன்றும் சொல்வதற்கில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். லாலாகுடாவில் தமிழர்கள் கட்டிய சிறிய மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் தீமிதி நடக்கும். பெண் பிழைத்தால் மூன்று ஆடி தீ மிதிக்கிறேன் என்று வசந்தா வேண்டிக்கொண்டாள். சுதா பிழைத்தாள். வசந்தா இரண்டு ஆடி மிதித்தாள். மூன்றாவது ஆடிக்கு முன் காலில் புண் வந்தது, ஆறியது, மறுபடி வந்தது, கடைசியில் சுண்டுவிரலைக் கொண்டுபோயிற்று. வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது என்றார் மருத்துவர். அவளை இறங்கவிடாதீர்கள் என்று கோயில்காரர்களிடமும் நான் சொல்லிவைத்தேன். ஒவ்வோர் ஆடியும் அவள் கயிற்றுக்கு வெளியே நின்று மற்றவர்கள் நடப்பதைப் பார்த்துவிட்டு வருவாள்.

"நம்ம அம்மன் இந்த ஊர்ல எங்க இருக்கா?" என்று கேட்டேன்.

"சுதா இங்கதானே இருக்கா? அவளுக்காக வேண்டினது. அவ இருக்குற இடத்துல செஞ்சா என்ன?"

"நக்கோ மம்மி, வேணாம் ப்ளீஸ். எனக்கு இருபத்தஞ்சு வயசு. ஆ டெங்கு எப்புடோ போயிந்தி."

"போனதாலதான்டி மிதிக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்க ஸ்டோர்ஸ்ல மூணு போல்ட்டுன்னு எழுதிட்டு ரெண்டு குடுத்து அனுப்புவீங்களா?"

அன்று இரவு கண்ணாடியில் அவள் பாதத்தைப் பார்த்தபோது எப்போதையும்விட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். போகாதே என்று சொல்லச் சாக்காக ஒரு சிவப்புப் புள்ளிகூட அகப்படவில்லை.

ஞாயிறு காலை 9.30. மோரியின் சிறிய வேனில் புறப்பட்டோம். சாலையின் இருபக்கமும் மேப்பிள் மரங்கள் குங்குமமும் மஞ்சளுமாக நின்றன. இதைப் பார்க்கத்தான் இந்த மாதத்தில் வரவேண்டும் என்று சுதா டிக்கெட் எடுத்திருந்தாள். வேனுக்குள் யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கோயில் வாசலில் வண்டி நிறுத்த 500 யென். மோரி எங்களைக் கொடுக்கவிடவில்லை.

கோயில் முற்றம் நம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் பாதி இருக்கும். மூங்கில் நட்டுக் கயிறு கட்டி, நடுவில் பச்சைத் தழைகளை வீட்டுக்கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். துறவிகள் சங்கு ஊதிக்கொண்டு வந்தார்கள். சங்குச் சத்தம் கேட்டதும் வசந்தா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். ஒருவர் நாற்புறமும் அம்பு எய்தார். தீ வைத்ததும் முதலில் வெள்ளைப் புகை எழுந்து மலையையே மறைத்தது, பிறகுதான் ஜுவாலை. மந்திரத்தில் "சண்ட", "மகா" என்று இரண்டு சொற்கள் என் காதில் தெளிவாக விழுந்தன. உள்ளே இருக்கும் சாமி கையில் வாளோடு நெருப்புக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். கோபக்காரர், ஆனால் நல்லவர் என்றார் மோரி.

நடக்க முடியாதவர்களுக்கு அங்கே ஒரு வழி இருக்கிறது. 300 யென்னுக்கு ஒரு தட்டைக் கட்டை. அதில் பெயரும் வயதும் எழுதி, நோயுள்ள இடத்தில் தேய்த்துக் கொடுத்தால், துறவிகள் தீயில் போடுவார்கள். சுதா ஓடிப்போய் ஒன்று வாங்கிவந்தாள்.

"மம்மி, சூடு, இதைப் பாரு. கால்ல தேச்சா போதும். காலே தீக்குள்ள போன மாதிரி."

வசந்தா கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் அம்மனுக்குச் சொன்னது காலு. கட்டை இல்ல." சொல்லிவிட்டு அதை என் வலது முழங்காலில் இரண்டு தேய்ப்புத் தேய்த்தாள். "உங்க முட்டி வலிக்கு ஆச்சு. இவர் பேரை எழுதிக் குடுடி."

பதினொன்றரைக்குத் தணலைக் கிளறி, நடுவில் ஒரு பாதை இழுத்தார்கள். இரு முனையிலும் உப்பு கொட்டினார்கள். துறவிகள் நடந்தார்கள். பிறகு கயிறு அவிழ்ந்தது; ஊரார் வரிசையில் நின்றார்கள். வசந்தா செருப்பைக் கழற்றிக் காலுறையை அதற்குள் திணித்துவிட்டாள்.

அந்த நேரத்தில் நான் அவளைக் கைபிடித்து இழுத்திருக்கலாம். வந்திருப்பாள். அடுத்த ஆடி, அதற்கடுத்த ஆடி என்று கயிற்றுக்கு வெளியே நிற்கவும் செய்திருப்பாள்.

நான் ஷூ நாடாவை அவிழ்த்தேன்.

"நீங்க எதுக்கு?"

"எனக்குச் சூடு தெரியும், உனக்குத் தெரியாது. நான் முன்னால போறேன். நான் நின்னா நீ பக்கத்துல இறங்கிடணும்."

"நீங்க எங்க நிப்பீங்க? ஓடுவீங்க."

"எல்லாருக்கும் கடைசியா போவோம். சூடு குறைஞ்சிருக்கும்."

"கடைசின்னா சாம்பல்லதான் நடக்கணும். அது அம்மனை ஏமாத்துறது." பேரம் பேசி, வரிசையின் பிற்பகுதியில், எங்களுக்குப் பின் பத்துப் பேர் நிற்கும்படி இடம் பிடித்தோம். மோரி தன் கழுத்திலிருந்த துண்டை எடுத்து ஒரு முனையை என்னிடமும் மறுமுனையை அவளிடமும் கொடுத்தார். தாய்மார்களும் குழந்தைகளும் சேர்ந்து நடந்துகொண்டிருந்ததால் எங்களையும் யாரும் தடுக்கவில்லை. சுதா இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

உப்பு ஈரமாகச் சில்லென்றிருந்தது. அதை அடுத்து வெதுவெதுப்பான, மாவுபோல் மெத்தென்ற சாம்பல். இவ்வளவுதானா என்று நினைத்தேன். அடுத்த அடியில் சாம்பலுக்கு அடியில் ஒரு கங்கு இருந்திருக்கிறது. குதிகாலில் பட்டதும் "ஐயோ அம்மா!" என்று மலை எதிரொலிக்கக் கத்தினேன். கால் தானாக வெளியே குதிக்கப் பார்த்தது. துண்டு இறுகியது, பின்னால் அவள் அடுத்த அடிக்குக் காலைத் தூக்கிவிட்டாள். நான் இடதுபக்கம் சாம்பல் நிறமாக இருந்த இடத்துக்கு ஒதுங்கித் துண்டை இழுத்தேன். அவளும் ஒதுங்கினாள். அந்தக் கங்கு இருந்த இடத்தை அவள் கால் தொடவில்லை. மறுமுனை உப்பில் நின்றதும் ஒரு துறவி எங்கள் இருவர் முதுகிலும் மணிமாலையால் தட்டினார்.

ஒரு பாயில் அவளை உட்காரவைத்துப் பாதங்களைத் துடைத்தேன். பட்டப்பகலில் டார்ச் அடித்து, கண்ணாடி பிடித்து, விரலிடுக்கெல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. நிமிர்ந்தபோது பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்து, கால்சட்டையை மடித்துக்கொண்டு, தன் காலையும் என் பக்கம் நீட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். இதுவும் சடங்கில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். அவர் காலையும் பார்த்துத் தலையாட்டினேன். நன்றி சொல்லிக் குனிந்துவிட்டுப் போனார்.

மதியம் 2.50க்குத் திரும்பும் ரயில். ஷூவுக்குள் என் குதிகால் எரிந்தது. புளியங்கொட்டை அளவு கொப்புளம். சுதா அம்மாவின் தோளில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். ஆறு வந்தது. அதே பாலம் வந்தது. இந்த முறை ஆற்றைப் பார்த்தேன். அடியிலிருக்கும் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்த பச்சைத் தண்ணீர்.

"என்னங்க," என்றாள் வசந்தா மெல்ல. "சுட்டுச்சா?"

"சுட்டுச்சு."

"எப்படி இருந்துச்சு? சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. தரையில நடந்த மாதிரிதான் இருந்துச்சு."

அவளுடைய மூன்றாவது தீமிதி என் காலில் இருந்தது. அடுத்த நிலையம் வரும்வரை யோசித்து, ஒவ்வோர் அடியாகச் சொன்னேன். இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னாள்.

மல்காஜ்கிரிக்குத் திரும்பிய மறுநாள். ஷம்ஷாபாதிலிருந்து வந்த வழியெல்லாம் சாலை தோண்டிக் கிடந்ததையும், டாக்ஸிக்காரர் முன்பே பேசியதற்கு மேல் கேட்டதையும், ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்றதையும் எழுதி ஜப்பானோடு ஒப்பிடலாம் என்று உட்கார்ந்தேன். வாசலில் எதிர்வீட்டு எஸ்தர் அக்காவின் குரல். அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக லாலாகுடாவில் இருந்தது; தமிழோடு உருதுவும் கலந்துதான் வரும்.

"ஹவ்வா? நிஜமாவா? நெருப்புல நடந்தியா? கைக்கு இந்த வயசுல? சுட்டுச்சா வசந்தா?"

"சுடாம? முதல்ல உப்பு, சில்லுன்னு. அப்புறம் சாம்பல், வெதுவெதுன்னு, மாவு மாதிரி. நடுவுல ஒரே ஒரு இடம், மே மாசம் ரெண்டு மணிக்கு மொட்டை மாடியில இஸ்திரிப் பெட்டியை மிதிச்ச மாதிரி."

ரயிலில் நான் சொன்னதில் ஒரு சொல் மாறவில்லை.

"ஐயோ! கத்திட்டியா?"

"நான் ஏன் கத்துறேன்? இவருதான் கத்துனாரு."