யூவன் மீசை எடுத்த நாள்

பாரிஸில் லா ஷப்பல் நிலையத்தில் மெற்றோ ரயிலின் கதவு மூடியதும் யூவன் வாயை இறுக்கிக்கொள்வான். ஸ்டாலின்கிராட்டில் கதவு திறக்கும்வரை மூச்சு விடமாட்டான். கழுத்து நரம்பு புடைக்கும். சிவந்த முகம் இன்னும் சிவக்கும். எதிரே இருக்கும் பிரெஞ்சுக் கிழவிகள் கைப்பையை அணைத்துக்கொண்டு தள்ளி உட்காருவார்கள். கதவு திறந்ததும் புஸ்ஸென்று மூச்சை விட்டு, செம்பட்டை மீசையைத் தடவிக்கொண்டு அவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பான்.

இருபத்தெட்டு வயது. பிறந்தது ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில். கடை வாசல்களில் பக்கவாட்டாகத்தான் நுழைவான், தோள் அப்படி. பேசும் தமிழ் மனைவி சிவமணியின் சமையலறையில் கற்றது. குணரத்தினம் கடையில் அவனுக்கென்றே வாழைப்பழச் சீப்பு ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

"வயித்துக்குள்ளை குரங்கு வளர்க்கிறீரோ?" என்பார் குணரத்தினம்.

"ஓம் அண்ணை. ரெண்டு."

ஒன்பது வயதில் பாறைகளுக்கிடையே கட்டிய கடல்நீர்க் குளத்தில், உதடு நீலம் பாய நீந்தத் தொடங்கியவன். பதினாறில் நானூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஸ்கொட்லாந்தின் இளையோர் முதலிடம். பத்தொன்பதில் தேசிய அணிக்கான தேர்வில் அரை விநாடி பிந்தினான். இருபத்துமூன்றில் தோள்மூட்டு பிசகியது. தேறி எழுந்தபோது ஊரில் அவனைவிட ஆறு வயது குறைந்த பையன்கள் முன்னே போய்விட்டார்கள். பாரிஸில் ஒரு நீச்சற் கழகம் கூப்பிட்டது, வந்துவிட்டான். விடியலில் பயிற்சி. பகலில் நகரசபைக் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வேலை. அங்கே உடை மாற்றும் அறைகளைக் கழுவிக்கொண்டிருந்தவள்தான் சிவமணி. தோற்று வரும் ஒவ்வொரு முறையும் ஈரத் துவாயைக் கதிரையில் போட்டுவிட்டு அவளிடம் ஒன்றையே சொல்வான்: "பரவாயில்லை மணி. தண்ணி எங்கையும் ஓடிப்போகாது."

எண்பத்தாறின் அந்த வசந்தத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. கோடையில் எடின்பரோவில் நடக்கும் பொதுநலவாயப் போட்டிக்கு ஸ்கொட்லாந்து அணியில் சேர வேண்டுமானால் நானூறு மீட்டரை நான்கு நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். அவன் முடித்திருந்தது நான்கு நிமிடமும் அரை விநாடியும். அந்தச் சனிக்கிழமை, ஒரு புறநகர்க் குளத்தில் கடைசி வாய்ப்பு.

சிவமணியின் கணக்கு வேறு. அவளுடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்தில் தனியே இருந்தார். அவள் ஒரே பிள்ளை. பத்து நாளைக்கொருமுறை தவறாமல் வந்த கடிதம் ஏழு வாரமாக வரவில்லை. வானொலி ஷெல் விழுந்த ஊர்களை வரிசையாகச் சொன்னது. காலையில் கண் விழித்ததும் நான்கு மாடி இறங்கித் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பாள், ஞாயிறும் பார்ப்பாள்.

"ஞாயிறு தபால்காரன் வரமாட்டான்," என்பான் யூவன்.

"தெரியும். சும்மா பார்த்தனான்."

பெரிய போட்டிக்கு முன் நீச்சல்காரர்கள் உடம்பு மயிரை வழித்துவிடுவார்கள். தோல் தண்ணீரைப் புதிதாக உணருமாம். யூவன் தலைவரைக்கும் வழிப்பான். சிவமணி அதைப் பலமுறை கண்டிருக்கிறாள். மீசையில் மட்டும் ஒருநாளும் கை வைத்ததில்லை. வெள்ளிக்கிழமை நண்பகல், அவள் வேலைக்குப் போயிருந்த நேரம், கால், கை, நெஞ்சு, தலை என்று எல்லாம் முடித்துவிட்டுக் கண்ணாடி முன் வெகுநேரம் நின்றான். பிறகு அதையும் எடுத்தான். குளித்துவிட்டு வாழைப்பழம் வாங்க இறங்கினான்.

குணரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். மொட்டைத் தலை. மீசை இல்லை. ஆண்பிள்ளை இல்லாத வீட்டின் மருமகன். கொள்ளி வைக்கும் கடமை அவனுக்குத்தான். ஊரிலிருந்து கடிதம் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். இப்படி வந்து நிற்பவனிடம் யாழ்ப்பாணத்தவர் கேள்வி கேட்பதில்லை. பின்னேரம் வீட்டுக்குப் போவார்கள். அவர் மேசையைச் சுற்றி வெளியே வந்து அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

நாளைய போட்டியை நினைத்துத்தான் பிடிக்கிறார் என்று யூவனுக்குத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது. "பயமாக் கிடக்கு அண்ணை."

"பயப்பிடாதையும் தம்பி. நாங்கள் எல்லாரும் இருக்கிறம்."

மாலை ஐந்தரைக்குச் சிவமணி வீடு வந்து சப்பாத்துக் கழற்றுவதற்குள் கதவு தட்டப்பட்டது. திறந்தாள். பக்கத்துக் கட்டடத்து ஜெகதீஸ்வரியும் பின்னால் மூன்று பெண்களும். கையில் மூடிய சோற்றுப் பானை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால் கொண்டுவருவது.

"அப்பர் போயிட்டாரெண்டு எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே பிள்ளை!" என்று ஜெகதீஸ்வரி அவளைக் கட்டிக்கொண்டு குரல் எடுத்தாள்.

சிவமணியின் கை சுவரைத் தேடியது. "ஆர்... ஆர் சொன்னது?"

"ஆர் சொல்ல வேணும்? உன்ர மனுசன்ர மொட்டையையும் வெறும் வாயையும் தெரு முழுக்கப் பார்த்தது."

மொட்டை நீச்சலுக்கு. அது அவளுக்குத் தெரியும். மீசை? அதை எதற்கு எடுத்தான்? அவன் வேலை செய்யும் குளத்துக்கு யாரோ ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை முடியட்டும் என்று மறைத்துவிட்டான். அப்படித்தான் இருக்கும்.

கடைசிப் பயிற்சி முடிந்து படியேறி வந்த யூவன் வீடு நிறைய ஆட்களைக் கண்டு வாசலில் நின்றான். சிவமணி அவனுடைய சட்டையைப் பிடித்தாள்.

"எப்ப ரெலிபோன் வந்தது? நீந்தி முடியச் சொல்லுவமெண்டு வைச்சிருந்தனீங்களோ?"

"என்ன ரெலிபோன்?" அவன் எல்லா முகங்களையும் பார்த்தான். பார்வைகள் நின்ற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். "இது... நாளைக்கு, மணி. நாலு நிமிசத்துக்கு."

"அட கோதாரி!" என்றார் துக்கம் கேட்க வந்து படியில் நின்ற குணரத்தினம்.

ஜெகதீஸ்வரி கண்ணைத் துடைத்தபடியே சீறினாள். "மாமன் உயிரோடை இருக்கேக்கை மீசையிலை கை வைக்கிறதே, மடையா! அதுவும் நாலு நிமிசத்துக்கோ?"

"நாலு நிமிசமில்லை அக்கா. அரை விநாடி."

யாரோ சிரித்துவிட்டார்கள். சிவமணி சிரிக்கவில்லை. மாமன் உயிரோடு இருக்கிறார் என்றுதான் யாருக்குத் தெரியும்? ஜெகதீஸ்வரி பானையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். சாவுக்கென்று சமைத்ததை உயிருள்ள வீட்டில் வைக்கக்கூடாது. படிக்கட்டில் காலடிகள் ஓயும்வரை இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"பரவா..." என்று தொடங்கிய யூவன் நிறுத்திக்கொண்டான். பிறகு, "நான் நாளைக்குப் போகேல்லை," என்றான்.

காலையில் தபால்பெட்டி வெறுமையாக இருந்தது. அவள் படியேறி வந்தபோது அவன் சட்டையும் மாற்றாமல் கட்டிலில் இருந்தான். நீச்சல் பையை எடுத்து அவனுடைய மடியில் வைத்தாள்.

"போங்கோ. ஆனா இப்பிடியே தெருவிலை இறங்காதேங்கோ."

கைப்பையிலிருந்து கண்மைப் பென்சிலை எடுத்தாள். யன்னல் வெளிச்சத்துக்கு அவனைத் திருப்பி, தாடையைப் பிடித்து, மேலுதட்டின் இடது ஓரத்தில் தொடங்கினாள்.

"தண்ணியிலை போயிடும், மணி."

"தெரியும்," என்றாள். வலது பக்கம் கொஞ்சம் கோணியது. விரலில் எச்சில் தொட்டு அதை அழித்துவிட்டு, மறுபடியும் வரைந்தாள்.