செல்வியின் தையல் மேஜையில் எத்தனை லக்ஸ்?

போன வாரம் நான் ஒரு கருவி செய்தேன். சிரிக்காதீர்கள். ஃபியூஸ் மாற்றவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற ஆள்தான்... ஆனால் இந்த முறை காரணம் இருந்தது.

எங்கள் தீவின் ஜங்லிகாட் பகுதியில் பக்கத்து வீடு செல்வியுடையது. முன்னறையிலேயே தையல் மெஷின். சமீபத்தில் இரண்டு கறுப்பு ப்ளவுஸ்கள் திரும்பி வந்துவிட்டன — தையல் கோணலாம்.

"கண்ணு போச்சுண்ணே. மெஷின வித்துட்டு காம் பந்த் பண்ணி, இந்த வேலையையே விட்டுரலாம்னு பாக்குறேன்" என்றார்.

பதினைந்து வருடமாக அவரைத் தலைநிமிர வைத்திருக்கும் மெஷின் அது. எனக்கு மனசு கேட்கவில்லை.

கண் டாக்டரோ கண்ணில் குறையே இல்லை என்கிறார். டேபிள் லேம்ப் வைத்தால் கறுப்புத் துணி பளபளத்து, நூல் இன்னும் மறைகிறது. அப்படியானால் கோளாறு எங்கே? வெளிச்சத்தை அளந்து பார்த்தால் என்ன?

மெயின்லேண்டிலிருந்து பார்சல் வந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, விரல் நகமளவு லைட் சென்சார், குட்டித் திரை. நாலு ஒயரைப் பற்றவைப்பதற்குள் இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். ஆனால் திரையில் முதல் எண் வந்தபோது... அடடா! கையால் மறைத்தால் எண் இறங்குகிறது, எடுத்தால் ஏறுகிறது. அரை மணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தேன்.

காலை பத்து முதல் மாலை ஆறு வரை லக்ஸை, அதாவது வெளிச்சத்தின் அளவை, குறித்துக்கொள்ளும்படி புரோகிராம் எழுதி, செல்வியின் மேஜையில் வைத்தேன். பத்து மணிக்கு 300. மூன்று மணிக்கு 90. ஐந்துக்கு வெறும் 15! கறுப்புத் துணி தைக்க ஆயிரத்துக்குப் பக்கமாவது வேண்டுமாம். பின்பக்கம் புதிதாக எழும்பிய மூன்று மாடிக் கட்டிடம், மத்தியான வெளிச்சத்தை விழுங்கியிருந்தது. கண் தப்பித்தது.

சரி, நல்ல வெளிச்சத்துக்கு எங்கே போவது?

அப்போதுதான் உறைத்தது. பத்து முதல் ஆறு என்று ஏன் எழுதினேன்? இங்கே ஐந்து மணிக்கே விடிந்து, சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறதே! தீவில் இருந்துகொண்டு மெயின்லேண்ட் ஆபீஸ் நேரத்தை எழுதி வைத்திருக்கிறேன். நாள் முழுவதும் குறிக்கும்படி மாற்றினேன். காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை, கிழக்கு ஜன்னல் வழியே ஆயிரத்துக்கும் மேல்!

"அந்த நேரத்தில தையுங்களேன்" என்றேன், பெரிய விஞ்ஞானி போல.

செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அந்த நேரத்துல நான் அடுப்படியில நிக்கிறேன்ணே. ரொட்டி, கொழம்பு, இவருக்கு டிபன்... அத யாரு பண்றது?"

அதை என் கருவி அளக்கவில்லை. வெட்கமாக இருந்தது — என் வீட்டிலும் அந்த நேரத்தில் நான் போனைத்தானே நோண்டிக்கொண்டிருக்கிறேன்?

கப்பல் ஜெட்டியில் வேலை பார்க்கும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் முருகையா தொண்டையைக் கனைத்தார். "அரே, எனக்குக் கொழம்பு வெக்க வராது..."

"கொழம்பு நான் மொத நாளே வெச்சிர்றேன். ரொட்டி நீங்க சுடுங்க. எட்டு மணி வரைக்கும் அடுப்படி உங்களுது" என்றார் செல்வி.

முருகையா என்னைப் பார்த்தார். நான் கருவியைப் பார்த்தேன்.

"டீக் ஹை... சரி" என்றார் முருகையா.

இப்போது ஐந்தரைக்கே மெஷின் ஓடுகிறது. விற்கிற பேச்சே இல்லை.

வெளிச்சம் தினமும் ஜன்னல் வரை வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது... செல்வியை அங்கே உட்கார விடத்தான் இத்தனை நாள் ஆளில்லை!