நான்காவது அதிர்ச்சிக்கு முன்

மருத்துவர் பிலோமினா காலமான செய்தி வந்தபோது, கிளிநொச்சியில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் காலைப் பணி மாறிக்கொண்டிருந்தது. முல்லைத்தீவிலிருந்து அவருடைய தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டா. உங்கட ஆக்களுக்கு முதல் சொல்லச் சொன்னவா," என்றார். புற்றுநோய் முற்றியிருந்தது எங்களுக்குத் தெரியும். இருந்தும் தாதியர் நாங்கள் பணி ஒப்படைப்பைப் பாதியில் நிறுத்தினோம்.

இங்கே கூடியிருக்கும், அவரோடு வேலை செய்த உங்களில் பலருக்கு முரசுமோட்டை விவசாயியின் கதை தெரிந்திருக்கும். அன்று நான் பக்கத்தில் நின்றேன். நெஞ்சுவலியோடு வந்தவர், கட்டிலில் கிடத்தியதும் நினைவிழந்தார். நாடி இல்லை. நெஞ்சில் பட்டைகளை ஒட்டி மூன்று முறை மின்னதிர்ச்சி கொடுத்தோம், மருந்தும் ஏற்றினோம். திரையில் இதயம் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தது. நான் மறுபடியும் பொத்தானுக்குக் கை கொண்டுபோனேன்.

"பொறுங்கோ. அதே இடத்தில அதே மாதிரி அடிச்சு என்ன பிரயோசனம்? பட்டையளை மாத்துவம். ஒண்டு நெஞ்சில, மற்றது முதுகில. நெஞ்சை அழுத்துறதை விட்டிடாதேங்கோ," என்றார் பிலோமினா.

மின்சாரம் இதயத்தினூடாக வேறு வழியில் போகட்டும் என்பதே அவர் எண்ணம். ஆளைச் சரித்து ஒட்டினோம். நான்காவது அதிர்ச்சியோடு திரையில் கோடு ஒழுங்கானது. கழுத்தில் விரல் வைத்து, "நாடி இருக்கு," என்றார். அந்த மனிதர் பிறகு தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்.

இன்னொரு நாள் வந்த ஸ்கந்தபுரத்து ஆசிரியர் ஒருவருக்கு அதுவும் பலிக்கவில்லை. இரண்டு மின்னதிர்ச்சி இயந்திரங்களை அடுத்தடுத்து இயக்கியும் பார்த்தோம். எல்லாம் முடிந்து வெளியே போனபோது, இளம் மருத்துவர் ஆசிரியரின் மனைவியிடம், "எங்களால ஏலுமானதெல்லாம்..." என்று தொடங்கினார். பிலோமினா அந்த இளம் மருத்துவரின் தோளைத் தொட்டு நிறுத்தினார். அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து, கணவர் இறந்துவிட்டதை முதலில் சொன்னார். பிறகு என்னென்ன செய்தோம் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"அவருக்கு நொந்திருக்குமோ டொக்டர்?"

"இல்லையம்மா. மயங்கின உடனேயே அவருக்கு ஒண்டும் தெரிஞ்சிராது. கடைசி வரைக்கும் நாங்கள் அவரோடதான் நிண்டனாங்கள்."

உறவினர் வந்து சேரும்வரை அவர் எழும்பவில்லை.

கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது, "எனக்கு அழுத்தவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார். "இது நிண்டுபோன இதயமில்லை, தம்பி. முடிஞ்சுபோன உடம்பு. ரெண்டும் வேற," என்று சொல்லி, தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

பட்டையை மாற்றி ஒட்டுவது இப்போது எங்கள் எல்லோருக்கும் கைவந்துவிட்டது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, தோற்ற பிறகு வெளியே போய் அந்த வீட்டாரின் முகத்தைப் பார்த்துப் பேசும் துணிவு. இன்னமும் ஒவ்வொரு முறையும் கதவுக்கு முன்னால் கால் தயங்குகிறது. ஆனாலும் போகிறேன்.