கீழ்ப்பக்கம் யாருக்கு வேணும்?

சண்டை கேம்ல நான் போட்ட மேப் ரெண்டு பக்கமும் சரிசமம்னு ஒரு வாரமா பீத்திக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு தெரணியகலை கொம்பியூட்டர் கடையில செல்வி அதைக் கவுத்துட்டா.

அவ எங்க தேயிலைத் தோட்டத்துல கீழ் டிவிசன். நான் மேல் டிவிசன். கேம்லயும் அவ கீழ, நான் மேல. தங்கம், மரம் எல்லாம் ஒரே அளவுதான் வச்சேன். ஆனா ஒவ்வொரு ஆட்டமும் நான்தான் ஜெயிச்சேன்.

"உனக்கு விளையாடத் தெரியல"ன்னேன்.

"அப்ப நீ கீழ வந்து விளையாடு"ன்னா.

இடம் மாறினோம். எனக்குத் தங்கம் ஆத்துக்கு அந்தப் பக்கம். பாலம் ஒன்னே ஒன்னு. அவ அதுல நாலு சிப்பாயை நிறுத்திட்டு சும்மா உக்காந்துட்டா.

"என்னடி இது, வெளிய போக வழியே இல்ல!"

"மழை பெஞ்சா பாலம் முங்கி எங்க லயத்து வீடுகளுக்கும் இதே கதிதான். நம்ம தோட்டத்தப் பாத்துத்தானே போட்ட?"

சத்தியமா பாத்துப் போடல. கை தானா போட்டிருக்கு.

கிளம்புறதுக்குள்ள அவசரமா இன்னொரு பாலம் போட்டேன். அது போதுமான்னு தெரியல. பஸ்ல உக்கார இடமில்லாம நின்னுக்கிட்டே போன்ல இதைத் தட்டுறேன்.

ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல நம்ம குரூப் எல்லாருக்கும் இந்த மேப்தான். யாருக்குக் கீழ்ப்பக்கம் வேணும்? சொல்லுங்க.

செல்வி மேல்பக்கத்தை இப்பவே புடிச்சு வச்சுட்டா.