முன்பக்கம் சித்தப்பா மகன், பின்பக்கம் மாமன் மகன்

போன வாரம் ஓர் ஏஜென்ட் சாம்பிள் டீ-ஷர்ட் கேட்டார். பிடித்துவிட்டால், என் குட்டி பனியன் கம்பெனிக்கு முதல் எக்ஸ்போர்ட் ஆர்டர்!

என் கட்டிங் டேபிளில் இரண்டு பேர். சித்தப்பா மகன் பழனிச்சாமி. மாமன் மகன் நாச்சிமுத்து. சொந்தக்காரர்களை வேலைக்கு வைக்காதே என்றால் கேட்கிற ரகமா நான்?

காலையில் முன்பக்கம் வெட்ட வந்த பழனிச்சாமி, "அண்ணா, தொவைச்சா துணி சுருங்குமுங்க. கொஞ்சம் தாராளமா வெட்டிப் போடறனுங்க" என்றான்.

"சரி" என்றேன்.

மதியம் பின்பக்கம் வெட்ட வந்த நாச்சிமுத்து, "மச்சான், துணி வீணாப் போகுதுங்க. இறுக்கிப் புடிச்சு வெட்டலாமுங்க" என்றான்.

அதற்கும் "சரி"!

வேறென்ன செய்ய? ஒருவனை மறுத்தால் சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மற்றவனை மறுத்தால் மாமா எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டார்.

அன்று சாயங்காலமே எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது... பத்திரிகையில் ஒரு விஞ்ஞானக் கட்டுரை. சில ஜீன்களில், அப்பா கொடுத்ததா அம்மா கொடுத்ததா என்று முத்திரை இருக்குமாம் — பனியன் கழுத்து லேபிள் மாதிரி. குழந்தை கருவில் இருக்கும்போதே அப்பா ஜீன், 'அம்மாகிட்ட இன்னும் வாங்கு, பெரிசா வளரு' என்னுமாம். அம்மா ஜீன், 'போதும், அடுத்த பிள்ளைக்கும் மிச்சம் வை' என்னுமாம். வளர்ந்த பிறகும், சொந்தபந்தம் என்று வந்தால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கலாம் என்கிறார்கள். எனக்கும் சித்தப்பா மகனுக்கும் பொதுவாக இருப்பது அப்பா வழி ஜீன். மாமன் மகனோடு அம்மா வழி ஜீன்.

"பாத்தியா? எனக்குள்ளயே ரெண்டு கோஷ்டி! நான் என்ன பண்ணட்டும்?" என்று மனைவியிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன்.

"ஏனுங்க, ஜீன் மேல எதுக்குப் பழியப் போடறீங்க? முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு வாய் வரலீங்க" என்றாள்.

மறுநாள் ஏஜென்ட் சாம்பிளை விரித்தார். திருப்பினார். மறுபடி விரித்தார். முன்பக்கம் தாராளம், பின்பக்கம் சிக்கனம். டெய்லர் பாவம், இழுத்துப் பிடித்து ஜாயின் பண்ணியிருந்தார்.

"ஏனுங்க, இப்படி ஒடம்பு எந்த நாட்டுலீங்க இருக்குது?" என்றார் ஏஜென்ட், ரொம்ப மரியாதையாக. ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டது.

"நீங்கதானுங்களே சரின்னு சொன்னீங்க!" — என் இரண்டு கட்டிங் மாஸ்டர்களும் ஒரே குரலில். அப்பா வழியும் அம்மா வழியும் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றுதான்.

சாம்பிளை வீட்டுக்கு எடுத்துவந்து போட்டுப் பார்த்தேன். தொப்பைக்குத் தாராளம், முதுகெலும்பே இல்லாத முதுகுக்குச் சிக்கனம்... அளவெடுத்துத் தைத்த மாதிரி அப்படியொரு பொருத்தம்!